வயலுக்குள்ள வளவு: எங்கட ஊர் எந்தப் பக்கம் வளரணும்?

வெள்ளாமைக்காரன் (படுவான்கரை):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்து வாசிங்க.

எங்கட ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால. 2014 இல மண்முனைப் பாலம் திறக்குமட்டும் மட்டக்களப்பு வாவியக் கடக்க எங்களுக்குப் பாதைதான். வெளியூர் ஆக்களுக்குச் சொல்றன், இஞ்ச பாதை எண்டா தெரு இல்ல. ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போற மிதவை. பாதைக்குக் காத்து நிண்ட காலத்தில எங்கட ஊர்க் காணிய விலை கேட்டு ஒரு சனமும் வரல்ல. இப்ப கிழமைக்கு ரெண்டு தரகர் வாறாங்க. பாலத்தில நான் குறை சொல்லல்ல. அம்மாக்கு நெஞ்சு நோ வந்த இரவு ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கொண்டு போனது அந்தப் பாலத்தாலதான்.

எங்கட வயல் வட்டையின்ட, அதாவது வயல்வெளியின்ட, கடைசி வயல். மேல கிடக்கிற வயல் முழுக்க வடிக்கிற தண்ணி எங்கட வரம்போட வந்து, தெருவுக்குக் கீழால ஒரு மதகால இறங்கி, வடிச்சல் வாய்க்காலால வாவிக்குப் போகும். அப்பாட காலத்திலயும் அப்படித்தான், அவர்ர அப்பாட காலத்திலயும் அப்படித்தான். போன கோடையில தெருவோரத்து வயலில அரை ஏக்கர ஒருத்தர் வாங்கினார். கிறவல் பறிச்சு ரெண்டடி உயத்தி, நடுவால ஒழுங்கை விட்டு, பத்துப் பத்துப் பேர்ச்சஸா (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்) ஏழு வளவு, வீடு கட்ட. மதகின்ட வாய் கிறவலுக்குள்ள போயிட்டு.

அரை ஏக்கர்தானே எண்டு சொல்றாங்க. நான் கணக்குப் பார்த்தன். அரை ஏக்கரில ரெண்டடி எண்டா 43,560 கன அடி. நீர்ப்பாசனக்காரர் சொல்ற ஒரு ஏக்கர் அடி, சரியா. முந்தி அந்தப் பள்ளத்தில நிண்டு ஆறுதலா வடிஞ்ச அவ்வளவு தண்ணிக்கும் இப்ப இடம் இல்ல. நூறு கன அடி ஒரு கியூப் எண்ட டிப்பர்காரங்கட கணக்கில அது 435 கியூப் கிறவல். அதையும் எங்கயோ ஒரு மேட்ட வெட்டித்தானே எடுத்திருப்பாங்க.

மாரி வந்துது. முந்தி ரெண்டு நாளையில வடியிற தண்ணி வடியல்ல. அப்பா வாய்க்கால் கட்டில ஒரு கம்ப நட்டு, ஒவ்வொரு விடியவும் போய் தண்ணி நிக்கிற மட்டத்தில கத்தியால ஒரு வெட்டு வெட்டினார். ஒம்பது வெட்டு. முதல் மூண்டு வெட்டும் மேல மேல போகுது, மறுகா நாலு வெட்டு ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கு, கடைசி ரெண்டுந்தான் இறங்குது. விதைச்சு இருபது நாள் பயிர். தண்ணி இறங்கின பிறகு பிடுங்கிப் பார்த்தா வேர் கறுத்து, அழுகின மணம். அப்பா ஒண்டும் சொல்லல்ல. கம்பக் கழட்டிக் கொண்டு வந்து தாவாரத்தில சொருகி வச்சிட்டார். இப்பவும் அங்கதான் கிடக்கு.

முறைப்பாடு கொண்டு போனன். ஒரு கந்தோரில மற்றக் கந்தோருக்குப் போகச் சொன்னாங்க. அங்க போனா இது எங்கட வேலை இல்ல எண்டாங்க.

அடுத்த மாதம் ஊர்க் கூட்டம் இருக்கு. ஊருக்கு என்ன வேணும் எண்டு எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. எல்லாரும் கொங்கிறீட் தெருவும் தெரு லைட்டும் எழுதுவாங்க. நான் எழுத நினைக்கிறது வேற: வீடு எங்க வரலாம், எங்க வரக் கூடாது எண்டு ஊரா இருந்து ஒரு கோடு கீறுவம் எண்டு. இத எதில இருந்து தொடங்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

தோணாக்கரை (சாய்ந்தமருது):

தம்பி, நீங்க இப்ப நிக்கிற இடத்தில எங்கட ஊர் நாப்பது வருசத்துக்கு முந்தி நிண்டுது. அதால எழுதுறன்.

எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. உங்கட பக்கத்திலயும் அப்படித்தான், மட்டக்களப்பில இருந்து பொத்துவில் மட்டும் தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஒரு வழக்கத்தில ஒண்டு. என்ட உம்மாட வளவு 40 பேர்ச்சஸ். மூண்டு ராத்தாமாரும் ஒரு தங்கச்சியும். ஆளுக்குப் பத்தாப் பிரிச்சம். இப்ப ராத்தாமார்ர மகள்மாருக்கு அஞ்சஞ்சாப் பிரிக்கினம். இதில ஆரையும் பிழை சொல்ல ஏலாது. உம்மாமார் கண்ணுக்கு முன்னால மகள் இருக்கணும் எண்டு நினைக்கிறது பிழையா?

ஆனா அடிக்கோல வச்சுப் பாருங்க. 6 பேர்ச்சஸ் எண்டா 1,633 சதுர அடி, கிட்டத்தட்ட நாப்பதுக்கு நாப்பது. கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில 50 அடி இருக்கணும் எண்டு பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர், சொல்லுவார். அந்த வளவுக்குள்ள இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போட்டாத்தான் 50 அடி வரும். அப்படிப் போட்டா உங்கட குழி அடுத்த வளவுக் கிணத்துக்குப் பக்கத்தில. எங்கட நிலம் மணல். மாரியில கிணத்துத் தண்ணி கைக்கு எட்டும், குழித் தண்ணியும் அதே மட்டத்தில நிக்கும். குழாய்த் தண்ணி வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கிணறு எல்லாம் இப்ப கால் கழுவ.

ஒழுங்கைய முதல் விடுங்க, அதுவும் அகலமா விடுங்க. என்ட வாப்பா மௌத்தான நேரம் ஜனாஸாவ எடுத்துக்கொண்டு வாறம், ஒழுங்கை முடக்கில சந்தூக் (மையத்துப் பெட்டி) திரும்பல்ல. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் மதில். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால தூக்கித்தான் எடுத்தம். அந்த மதிலக் கட்டினது என்ட மச்சான். அவர் அண்டைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நிண்டு சந்தூக்கப் பிடிச்சு வாங்கின முகம் எனக்கு மறக்காது.

தோணாவப் பத்தியும் ஒரு சொல். மழைத் தண்ணி கடலுக்குப் போற வழி அதுதான். ஓரத்தில ஒருத்தர் ஒரு முழம், இன்னொருத்தர் ஒரு முழம் எண்டு எடுத்தா, ஆரும் பெரிசா எடுத்த மாதிரித் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்.

காணிக்கந்தோர்_ஓய்வு (அம்பாறை மாவட்டம்):

இரண்டு பதிவுகளையும் இருமுறை வாசித்தேன். காணி வேலையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் அரை ஏக்கர். கமநல அபிவிருத்திச் சட்டம், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கம். நெற்காணியை நிரப்பவோ அதில் கட்டடம் எழுப்பவோ ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். உறுதிக் காணியாக இருந்தாலும் இதுதான் சட்டம். “என் காணி, என் இஷ்டம்” என்பது நெற்காணிக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் முறைப்பாடு போக வேண்டிய இடம் கமநல சேவை நிலையம். அங்கே காணி இடாப்பு இருக்கிறது. நிரப்பிய துண்டு அதில் வயலாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு இருந்தால் “அது எப்போதோ மேட்டு நிலம்” என்ற பேச்சு எடுபடாது. தனி ஆளாகப் போகாமல் கமக்காரர் அமைப்பின் கடிதத்தோடு போங்கள். அதே சட்டத்தின் கீழ்தான் அந்த அமைப்பும் பதியப்படுகிறது, அதன் கடிதத்துக்குக் கனம் உண்டு. நிரப்ப முதல் போயிருந்தால் இன்னும் நல்லது. கொட்டிய கிறவலை அள்ள வைப்பது மிகவும் கடினம், நான் என் வேலைக் காலத்தில் அதை மிகச் சில தடவைதான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, துண்டாடல். வளவு பிரித்து விற்பவர் பிரதேச சபையின் அனுமதியோடு பிரிக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்கு உட்பட்ட இடமென்றால் ஆகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸ். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தனித்தனியாக வாங்கிப் பிரிக்கும்போது அந்தப் பத்தில் ஒன்று ஒருபோதும் வருவதில்லை. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் ஐம்பது வீடு இருக்கும், பிள்ளைகள் பந்தடிக்க ஒரு துண்டு நிலம் இருக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். வெறும் “கட்டக் கூடாது” என்ற கோடு நிற்காது. கட்டுவதற்கு இடம் காட்டாத எந்தத் திட்டமும் என் அனுபவத்தில் ஒரு தேர்தலைக் கூடத் தாண்டியதில்லை.

மூண்டாவது_மகள் (வவுணதீவுப் பக்கம்):

கடைசியா ஐயா சொன்ன அந்த வரிக்காகத்தான் எழுத வந்தன். வயலக் காப்பாத்தணும் எண்டு எழுதிற எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ள இருந்துதான் எழுதுறீங்க.

நான் வீட்டில மூண்டாவது. அப்பாக்கு இருக்கிறது ஒப்பக் காணி, அரசாங்கம் ஒப்பம் எழுதிக் குடுத்த மேட்டு நிலம் ஒரு ஏக்கர். அதில கட்டின வீடு மூத்தக்காக்குப் போயிட்டு. ரெண்டாவது அக்கா அத்தானோட மாமியாட வளவில ஒரு பத்தி இறக்கி இருக்கா. ஒப்பத்தில ஒருத்தரத்தான் பின்னுரிமையா, அப்பாக்குப் பிறகு காணி சேர வேண்டிய ஆளா, போட்டிருக்கு. வங்கியில வீட்டுக் கடன் கேட்டுப் போனன், நான் வேலை செய்றன், சம்பளத் துண்டு இருக்கு. உறுதி கொண்டு வாங்க எண்டாங்க. உறுதிக் காணி எங்க இருக்கு? தெருவோரத்து நிரப்பின வயலிலதான் இருக்கு. வயல்தான் பழைய உறுதிக் காணி, மேடுதான் அரச காணி. இது எங்கட குற்றமா?

ஊருக்குப் பின்னால மேட்டுக் காணி கிடக்கு எண்டு சொல்லுவீங்க. கிடக்குதான். ஆறு மணிக்குப் பிறகு அது ஆனைட காணி. போன வருசம் எங்கட பக்கத்து வீட்டுச் சுவரத் தள்ளி உள்ளுக்க இருந்த நெல்லு மூட்டைய இழுத்தது. கரண்ட் வேலி இருக்கு, பத்தை வளர்ந்து கம்பியில முட்டிக் கிடக்கும், பிறகு கரண்ட் எங்க வரும்?

அப்பா இப்ப பத்துப் பேர்ச்சஸ் ஒண்டுக்கு முற்பணம் கட்டப் போறார். நிரப்பின வயல். மேல எழுதினத வாசிச்சிட்டு ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்ல. வேற இடம் காட்டுங்க, நான் அங்க கட்டுறன்.

வெள்ளாமைக்காரன்:

தங்கச்சி, வாசிச்சிட்டு எனக்கும் நித்திரை வரல்ல. நான் முதல் எழுதினதில அந்த வளவுகள வாங்கின ஆக்களப் பத்தி ஒரு வரியும் இல்ல எண்டது நீங்க சொன்ன பிறகுதான் விளங்குது. அதில ரெண்டு வளவு எங்கட ஊர்ப் பிள்ளைகள்தான் வாங்கினது. ஒராள் என்னோட படிச்சவ. அவட முற்றத்திலயும் இந்த மாரி தண்ணி நிண்டுது.

பட்டிக்காரன் (சித்தாண்டி):

எல்லாரும் வயலும் வளவும் கதைக்கிறீங்க. கோடு கீறப் போற ஊர்ப் படத்தில மாட்டயும் போடுங்க.

வெள்ளாமை விதைச்ச உடன மாடு வட்டைக்குள்ள நிக்க ஏலாது. மேச்சல் தரைக்குக் கொண்டு போகணும், அறுவடை முடிஞ்ச பிறகுதான் ஒட்டு மேயத் திருப்பிக் கொண்டு வருவம். மயிலத்தமடு, மாதவனை எங்களுக்கு அப்படியான தரைதான். அந்தத் தரைய வெளி ஆக்கள் பிடிக்கிறாங்க எண்டுதான் 2023 செப்டெம்பரில எங்கட ஆக்கள் தெருவோரம் வந்து குந்தினது, அத இஞ்ச விரிக்கல்ல. நான் சொல்ல வாறது அதுக்குப் போற வழியப் பத்தி. முந்தி பட்டி (மாட்டுக் கூட்டம்) போற வழி, பட்டி ரெண்டு எதிரெதிரா வந்தாலும் ஒதுங்கிப் போகும். இப்ப ரெண்டு பக்கமும் கொங்கிறீட் தூண், முள்ளுக் கம்பி. போன முறை ஒரு சினைப் பசு கம்பியில மடி கிழிஞ்சு நிண்டுது. தையல் போட டொக்டர் வரு மட்டும் அதிட முகத்தப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

வழி ஆர்ர பேரிலயும் இல்ல. ஒருத்தரும் விக்கல்ல, ஒருத்தரும் வாங்கல்ல, ஆனா அது இல்லாமப் போயிட்டு. மாட்டுப் பாதைக்கு உறுதி இல்ல, ஒப்பம் இல்ல. எழுதி வைக்காட்டி அது வெறும் நிலம் எண்டுதான் அளக்கிறவர் அளப்பார்.

கடற்கரைச்சேனை (திருக்கோவில்):

சுருக்கமாக ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டக் கூடாது என்று கோடு போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், எங்களுக்கு, வடக்குக் கிழக்கில், 200 மீற்றர். ஏன் எங்களுக்கு இரண்டு மடங்கு என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உள்ளுக்குள் வீடு கிடைத்த மீனவர்கள் சிலர் அதைப் பூட்டிவிட்டு வந்து வாடியில் படுத்தார்கள். வள்ளமும் இயந்திரமும் கரையில் கிடக்க மனிதன் இரண்டு கட்டைக்கு அப்பால் எப்படி உறங்குவான்? பிறகு அந்தத் தூரத்தையே தளர்த்தினார்கள். கடலுக்குப் பயந்து அல்ல, கோட்டுக்குப் பயந்து வாழ்ந்த ஒரு வருடம் அது.

அதனால் தம்பி, கோடு கீறும் அன்று அந்தக் கோட்டால் பாதிக்கப்படப் போகிறவர் கையில் கயிற்றின் ஒரு நுனி இருக்க வேண்டும்.

காணிக்கந்தோர்_ஓய்வு:

மூண்டாவது மகளுக்கு முதலில் பதில். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பக் காணி துண்டு துண்டாகப் போய்விடக் கூடாது, கடன்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்து எழுதியது. அந்த நோக்கம் இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று மகள்மார் உள்ள வீட்டை அது நினைக்கவில்லை. பின்னுரிமை வரிசையில் மகன்மாரை முன்னுக்கு வைத்திருந்த விதியை மாற்றவே 2022 வரை போயிற்று. தாய்வழியாக வீடு போகும் எங்கள் மாவட்டங்களில் அது எத்தனை வீட்டில் கண்ணீரைக் கொடுத்தது என்பதை நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன்.

வழி இருக்கிறது, ஆனால் நீளம். ஊருக்குப் பொருத்தமான மேட்டு அரச காணியை அடையாளம் கண்டு, வீட்டுத் தேவைக்கென்று பிரித்துக் கொடுக்கும்படி பிரதேச செயலாளரிடம் கூட்டாக எழுத்தில் கேளுங்கள். பிரதேச மட்டத்தில் காணிப் பயன்பாட்டுக் குழு இருக்கிறது. வன இலாகா, வனசீவராசிகள், நீர்ப்பாசனம், கமநலம் எல்லோரும் ஒரே மேசையில் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே இணக்கம் வந்தால் அளவை, பிறகு காணிக் கச்சேரி வைத்துப் பயனாளிகளைத் தெரிவு செய்வார்கள். பள்ளிக்கூடமும் தெருவும் மின்கம்பியும் ஏற்கெனவே போன மேட்டைக் கேளுங்கள். காட்டோரத்தில் புதுக் குடியிருப்புக் கேட்டால் யானைக்கும் உங்களுக்கும் புதுச் சண்டை ஒன்றைத்தான் வாங்குவீர்கள்.

படத்தைப் பற்றி. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் 20 மீற்றர் உயர வித்தியாசத்துக்கு ஒரு கோடு. உங்கள் ஊரில் வாழ்வும் சாவும் இரண்டடியில் இருக்கிறது. அந்தப் படம் அதைக் காட்டாது. தம்பியின் தகப்பனார் வெட்டிய கம்பு காட்டும். அதைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் அப்படி அடையாளம் இருக்கிறது என்று கேளுங்கள், சுவரில் சேறு படிந்த கோடு, மரத்தில் செத்தை தங்கின உயரம், எல்லாம் சேரும்.

வெள்ளாமைக்காரன்:

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தம். எழுதாம இருக்க ஏலல்ல.

வட்டையின்ட தண்ணியப் பார்க்கிற வட்டவிதானையார், அப்பா, கமக்காரர் அமைப்பில இருந்து நாலு பேர், பட்டி வச்சிருக்கிற ரெண்டு பேர், என்னோட படிச்சவ எண்டு சொன்னனே அவவும் கைப்பிள்ளையோட வந்தா. விடிய ஆறரைக்குத் தொடங்கி வடிச்சல் வாய்க்கால் ஓரமாவே வாவி மட்டும். ஒரு கொப்பித் தாளில நான் கீறிக்கொண்டு போனன், ஃபோனில இடத்தையும் குறிச்சன்.

தெருவுக்குக் கீழால மூண்டு மதகு இருக்கு எண்டுதான் நான் நினைச்சிருந்தன். வட்டவிதானையார் நாலாவது ஒண்டு காட்டினார். ஒரு கடைக்குப் பின்னால, ஈச்சம் பத்தைக்குள்ள, வாய் முழுக்க பிளாஸ்டிக்கும் மண்ணும். மண்வெட்டியால ரெண்டு பேர் அரை மணித்தியாலம் தோண்டினதும் கல்லுக் கட்டுத் தெரிஞ்சுது. அத மட்டும் துப்பரவாக்கினாலே பாதித் தண்ணி அந்தப் பக்கம் போகும் எண்டு அப்பா சொல்றார். அரைவாசி போகுமோ தெரியாது, வாற மாரி பார்த்துச் சொல்றன்.

பெரிய மனிசர் ஒராள் இன்னொண்டு சொன்னார். எங்க பழைய களவெட்டி, நெல்லுச் சூடடிக்கிற களம், இருந்துதோ அதெல்லாம் மேடு, தண்ணி ஏறாத இடம் பார்த்துத்தான் அந்தக் காலத்தில சூடு வச்சாங்க எண்டு. களவெட்டி இருந்த இடமெல்லாம் கேட்டுக் கேட்டுப் புள்ளி வச்சம். ஏழு புள்ளி. அதில நாலு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரே வரிசையில வருது. அந்தப் பக்கம் காணி அரைவாசி அரசாங்கத்திட, பத்தையாக் கிடக்கு. மின்கம்பி ஐம்பது பாகத் தூரத்தில போகுது. கிணறு வெட்டினா தண்ணி வருமா எண்டுதான் எல்லாருக்கும் யோசனை, எங்கட மேட்டில கோடையில கிணறு வத்தும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில டவுன் மட்டும் போகுது, பள்ளிக்கூடத்தடிக்கு வர மாட்டுதா எண்டு அதையும் கடிதத்தில எழுதினம்.

மாட்டு வழிய இருபது அடி எண்டு போட்டம். பட்டிக்காரர் முப்பது கேட்டாங்க, வயல்காரர் பதினைஞ்சு எண்டாங்க. வாய்க்கால் கட்டில நிண்டு ஒரு மணித்தியாலம் சண்டை. கடைசியில ரெண்டு மாட்டக் கொண்டு வந்து நிப்பாட்டி அளந்தம்.

அரை ஏக்கர நிரப்பினவர் வரல்ல. ஆள் அனுப்பினம், வேலை இருக்கு எண்டார். ஆனா அவர்ர கடைசி வளவு இன்னும் விக்கல்ல, மதகு வாய் அதுக்குள்ளதான். அந்தத் துண்டில நாலடி அகலத்துக்கு வாய்க்கால் விடச் சொல்லி, வாங்கின ரெண்டு குடும்பமும் சேர்ந்து கையெழுத்து வச்சிருக்கு. கமநல நிலையத்துக்கு அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை போகுது. கம்பையும் கொண்டு போறன்.

தோணாக்கரை:

மாஷா அல்லாஹ். அந்த நாலு களவெட்டிக்கும் நடுவால ஒழுங்கை கீறக்க, முடக்கு இருந்தா அகலத்தக் கூட்டிக் கீறுங்க தம்பி. மறக்க வேணாம்.

மூண்டாவது_மகள்:

எங்கட ஊரிலயும் களவெட்டி எங்க இருந்துது எண்டு அப்பாட்டக் கேட்டன். கேட்ட உடன எழும்பிப் போய் முற்றத்து மண்ணில விரலால கீறத் தொடங்கிட்டார். அஞ்சு இடம் சொன்னார்.

முற்பணத்த ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கன். தரகர் ஒரு மாதத்துக்குத்தான் வச்சிருப்பாராம். அண்ணன், உங்கட கடிதத்தில எழுதின மாதிரி எங்களுக்கும் ஒண்டு எழுதித் தாங்க. இந்த ஞாயிறு நாங்க நடக்கப் போறம்.